வடுவூர் துரைசாமி ஐயங்கார்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலரில் புலவர் பெருமக்களின் வரலாறும் தேசத் தொண்டர்களின் வரலாறும் வெளிவருவதே இதுகாறும் வழக்கமாக இருந்து வருகிறது. இவ்வாண்டு அம்மரபினின்றும் சிறிது விலகி, நம் பாட்டிமார்கள் அடுப்படியிலும் மாடிப்படியிலும் ஒளித்து வைத்துப் படித்த நாவல்களை இயற்றிய ஒருவரின் வரலாற்றை எழுத முற்படுகிறோம். அவர் பெயர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். சபையில் உரக்கச் சொல்லத் தயங்கிய பெயர்களுள் அதுவும் ஒன்று என்பதை மாதுங்காவில் பிறந்து வளர்ந்த முதியோர் பலர் அறிவர்.

இதை எழுத நேர்ந்த காரணத்தை முதலிற் கூறிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் மாதுங்காவில் குடியிருந்த ஒரு குடும்பத்தார் செம்பூருக்கு வீடு மாறிச் சென்றபோது, ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய புத்தகங்களை நம் சங்க நூலகத்துக்கு அளித்தனர். பெரும்பாலானவை பாராயண நூல்கள். அவற்றின் அடியில் துணிக்கட்டுடன் ஒரு நாவல் கிடந்தது. மதனகல்யாணி என்னும் நூல் அது. தாள்கள் பழுத்து, விரல் பட்டால் ஒடியும் நிலையில் இருந்தன. கடைசிப் பக்கங்கள் சில இல்லை. எலி தின்றதோ, எவரேனும் கிழித்தனரோ அறியோம். ஒரு பெரிய ஜமீன் குடும்பத்தின் இரகசியம் வெளிப்பட வேண்டிய இடத்தில் புத்தகம் முடிந்து போயிருந்தது.

முடிவு யாதென்று அறிய, இளமையில் அந்நாவலைப் படித்திருந்த பெரியோர் மூவரை நாம் வினவினோம். மூவரும் மூன்று முடிவுகளைக் கூறினர். ஒவ்வொருவரும் தாம் கூறியதே சரியென்று சத்தியம் செய்யவும் ஆயத்தமாயிருந்தனர். அன்று தொட்டு இந்த நாவலாசிரியர் யார், எவ்வாறு வாழ்ந்தார் என்னும் ஆவல் எம்மை விட்டகலவில்லை.

தஞ்சையிலிருந்து மன்னார்குடிக்குச் செல்லும் பாதையில் அமைந்தது வடுவூர். பேரேரியும் நெல்வயல்களும் சூழ்ந்த ஊர். அங்குள்ள கோதண்டராமர் திருமேனியின் அழகைக் காணவே யாத்திரை செல்வோர் உண்டு. அந்த ஏரி பின்னாளில் பறவைகள் சரணாலயமாயிற்று. அவ்வூரில் 1880ஆம் ஆண்டு துரைசாமி ஐயங்கார் பிறந்தார். ஆங்கிலக் கல்வி பெற்றுப் பி.ஏ. பட்டம் எய்தினார். அந்நாளில் பட்டம் பெற்ற வைதிகக் குடும்பத்து இளைஞனுக்கு இரண்டு வழிகளே திறந்திருந்தன. ஒன்று வக்கீல் தொழில், மற்றொன்று சர்க்கார் உத்தியோகம். ஐயங்கார் இரண்டாவதைக் கைக்கொண்டு வருவாய்த் துறையில் புகுந்து, தாசில்தார் பதவி வகித்தார்.

தாசில்தார் உத்தியோகத்தின் தன்மையை இக்காலத்து இளைஞர்க்குச் சற்று விளக்குதல் நலம். காவிரிக் கரையில் நிலமே செல்வம். நிலம் யாருடையது, யார் பெயரில் பட்டா உள்ளது, மிராசுதார் இறந்தால் அடுத்து யார் பெயருக்கு மாற வேண்டும், தத்துப் பிள்ளை உண்மையில் தத்தெடுக்கப்பட்டவனா, மூத்த தாரத்தின் மகன் உயிரோடு இருக்கிறானா என்னும் கேள்விகள் யாவும் முதலில் கர்ணத்தின் கணக்கிலும் பின்னர் தாசில்தாரின் கச்சேரியிலும் வந்து நிற்கும். வீட்டுத் திண்ணையில் பேசத் துணியாத செய்திகளை மனுவாக எழுதிக் கொண்டுவந்து கொடுப்பர். ஒரு பெருங்குடும்பத்தின் உட்பூசலை அக்குடும்பத்து மருமகளைக் காட்டிலும் நன்கறிந்தவர் தாசில்தாராகவே இருப்பார். ஐயங்காரின் கதைகளில் வரும் ஜமீன்தாரிணிகளும் மைனர்களும் குமாஸ்தாக்களும் வக்கீல்களும் அத்தனை மெய்ம்மையுடன் நடமாடுவதற்குக் காரணம், கச்சேரி மேசையருகே கழிந்த நாட்களே என்று நாம் கருதுகிறோம்.

இத்தகைய பதவியை அவர் உதறினார். எழுதிப் பிழைப்பதென்று துணிந்தார். இன்றும் பெற்றோர் இதைக் கேட்டால் திடுக்கிடுவர். ஓய்வூதியத்தையே மறுமைப் பயனாகக் கருதிய அக்காலத்தில் உற்றார் என்ன கூறியிருப்பர் என்பதை ஊகிப்பது எளிது. எழுத்து ஒரு தொழிலாகத் தமிழகத்தில் அப்பொழுது ஏற்படவேயில்லை. புலவர்கள் ஜமீன்தார்களை அண்டி வாழ்ந்தனர். முன்சீப் உத்தியோகம் பார்த்தவரான மாயூரம் வேதநாயகம் பிள்ளை பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டார். எந்த ஆதரவாளரையும் நம்பாமல், முகமறியாத வாசகர் கொடுக்கும் அணாக்களை நம்பிக் குடும்பம் நடத்தத் துணிந்த முதல் தலைமுறையில் ஐயங்காரும் ஒருவர். திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். மனோரஞ்சினி என்னும் மாத வெளியீட்டை நடத்தி அதன் வாயிலாகத் தம் நாவல்களைப் பரப்பினார்.

அவர் தனித்து நிற்கவில்லை. ஆரணி குப்புசாமி முதலியார் (1866–1925) ஆங்கிலத் துப்பறியும் கதைகளைத் தமிழாக்கி, ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் பெயர்பெற்ற துப்பறிவாளரை ஆனந்தசிங் என்று பெயரிட்டு நம்மவராக்கினார். ஜே. ஆர். ரங்கராஜு (1875–1959) இராஜாம்பாள் முதலிய நாவல்களில் துப்பறியும் கோவிந்தனை உலவவிட்டார். ஐயங்கார் படைத்த துப்பறிவாளரோ இவ்விருவரினும் வேறுபட்டவர். அவர் ஒரு சந்நியாசி. திகம்பர சாமியார் என்பது அவர் நாமம். இது ஒரு நுட்பமான யோசனை. லண்டன் மாநகரத்தில் துப்பறிவாளர் வாடகை வண்டியில் ஏறிச் செல்லலாம். கும்பகோணத்துப் பெரிய வீட்டின் உள்ளறைக்கு அப்படி யார் செல்ல முடியும்? போலீஸ்காரர் வந்தால் கதவு அடைபடும். அயலான் வந்தால் திண்ணையோடு நிறுத்தப்படுவான். காவி உடுத்தவருக்கு மட்டும் எல்லாக் கதவுகளும் திறக்கும். பிச்சையிட வரும் பெண்ணும் அவரிடம் பேசுவாள். இவ்வுண்மையைக் கண்டு சந்நியாசியைத் துப்பறிவாளராக்கியது நம் நாட்டு வாழ்வை அறிந்தவர் செய்யக்கூடிய காரியம்.

கும்பகோணம் வக்கீல், வசந்தகோகிலம், பூர்ணசந்திரோதயம், வித்தியாசாகரம், சௌந்தரகோகிலம், மாயாவினோதப் பரதேசி, மருங்காபுரி மாயக்கொலை, மேனகா, மதனகல்யாணி என அவருடைய நாவல்களின் பெயர்களைக் கேட்ட மாத்திரத்திலேயே அக்காலத்து நெடி வீசும். அத்தியாயத்தை அதிகாரம் என்றே குறிப்பிடுவார். ஒரு பெண் இருட்டறையில் கண் விழிக்கும் தறுவாயில் அதிகாரத்தை முடித்துவிட்டு, அடுத்த அதிகாரத்தில் வேறோர் ஊரில் வேறொருவர் காப்பி அருந்துவதை ஆற அமர வருணிப்பார். வாசகர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் படிப்பர். வாசகரை நேரே விளித்துப் பேசுவார், எச்சரிப்பார், தேற்றுவார். நடை நீளமானது. வடசொற்கள் மலிந்தது. இக்காலத்துப் பிள்ளைகள் முதற் பத்துப் பக்கங்களில் தடுமாறுவர் என்பதை மறைப்பானேன்? ஆயினும் பாத்திரங்கள் வாய்திறந்து பேசும்பொழுது அந்நடை சட்டென்று மாறிவிடும். தஞ்சை ஜில்லா அக்கிரகாரத்துப் பேச்சு, வேலைக்காரரின் பேச்சு, மைனர்களின் மிடுக்கான பேச்சு யாவும் காதில் விழுவது போலவே இருக்கும்.

ஆங்கிலத்திலிருந்து எடுத்தாண்டவர் என்பது அவர் மீது சாட்டப்படும் குற்றம். அதை நாம் மறுக்கப் போவதில்லை. ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் (1814–1879) என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1844 முதல் லண்டன் நகர இரகசியங்களை வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் எழுதி வெளியிட்டார். தம் நாட்டு இலக்கிய உலகத்தார் அவரை மதிக்கவில்லை. இந்தியாவிலோ அவருக்கு வாய்த்த வாசகர் கூட்டம் மிகப் பெரிது. வங்காளத்திலும் மகாராஷ்டிரத்திலும் தமிழகத்திலும் நாவல் எழுதத் தொடங்கியோர் பலர் அவரைப் படித்தே தொடங்கினர். ஐயங்காரும் அவ்வாறே. சொத்தை இழந்த வாரிசு, மாற்றி வைக்கப்பட்ட குழந்தை, பொய்ப் பத்திரம், பெரிய மாளிகையின் பூட்டிய அறை ஆகியவையெல்லாம் அங்கிருந்து வந்த சரக்கே.

ஆனால் அச்சரக்கு இந்நாட்டுக்கு வந்தபோது அடைந்த மாறுதலைப் பலர் கவனிப்பதில்லை. இங்கிலீஷ் நாவலில் எல்லாம் உயிலைச் சுற்றியே நடக்கும். கிழவர் உயிலை மாற்றி எழுதுவார், ஒருவன் அதைத் திருடுவான், மற்றொருவன் தீயிலிடுவான். நம் தென்னாட்டில் மிதாட்சர சட்டப்படி பிதிரார்ஜித சொத்தை உயிலால் மாற்ற இயலாது. மகன் பிறக்கும்பொழுதே பங்குதாரனாகப் பிறக்கிறான். தகப்பன் விரும்பினாலும் விரும்பாவிடினும் அவன் பங்கு அவனுடையது. ஆகவே இங்கு மறைக்க வேண்டியது உயிலன்று. ஒருவனது பிறப்பையே மறைக்க வேண்டும். யார் யாருக்கு மகன், எந்தக் கலியாணம் முறையானது, தத்து எப்பொழுது நடந்தது என்பவையே கோடி ரூபாய்க் கேள்விகளாகின்றன. பெண்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கணவன் பிரிவினையாகாமல் இறந்தால் கைம்பெண்ணுக்குச் சோறும் துணியுமே உரிமை. பிரிந்தவனாயிருந்து மகனும் இல்லையென்றால் ஆயுள் வரையில் அனுபவிக்கலாம், விற்க இயலாது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு மகனோடொத்த பங்கை, அதுவும் ஆயுள் உரிமையாக, அளித்தது. முழு உரிமை 1956இல்தான் வந்தது. மகளைப் பிறப்பால் பங்குதாரியாகக் கொள்ளும் சட்டம் தமிழகத்தில் 1989இலும், நாம் வாழும் மகாராஷ்டிரத்தில் 1994இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் ஏற்பட்டது. ஐயங்கார் எழுதிய காலத்தில் இவற்றுள் எதுவுமே இல்லை. அவருடைய நாவல்களில் பெண்கள் ஏன் சூழ்ச்சி செய்கின்றனர், ஏன் அஞ்சி அஞ்சிச் சாகின்றனர் என்பது இதை அறிந்தால் விளங்கும்.

கதைகளில் வருவன மிகைப்பட்டவை என்று கூறுவோர் சிவகங்கை ஜமீன் வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். கௌரி வல்லபர் 1829இல் மறைந்த பின்பு, அந்த ஜமீன் அவர் தமையன் வழியினருக்கோ அவருடைய மகளுக்கோ என்னும் வழக்கு எழுந்தது. அது கோர்ட்டுக்குக் கோர்ட்டு ஏறிக் கடல் கடந்து பிரிவி கவுன்சிலை எய்தி, 1863இல் மகளான காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள்! எந்த நாவலாசிரியர் இத்தனை நீளமாக எழுதுவார்?

மதனகல்யாணிக்கு வருவோம். மாரமங்கலம் ஜமீன்தாரிணி கல்யாணியம்மாள் கணவனை இழந்தவர். மணப்பருவத்துப் பெண்களாகிய கோகிலாம்பாள், துரைஸானியம்மாள் ஆகியோருக்கு வீணை கற்பிக்க மதனகோபாலன் என்னும் இளைஞன் அந்த பங்களாவுக்கு வருகிறான். அழகன், குணவான், ஏழை, எக்குலத்தவன் என்று அறியப்படாதவன். அவன் அவ்வீட்டில் அடியெடுத்து வைத்த நாள் முதல் அக்குடும்பத்தின் அமைதி குலைகிறது. தாயின் உள்ளத்திலும் மகளின் உள்ளத்திலும் எழும் அலைகளை ஆசிரியர் எழுதியிருக்கும் துணிவு வியக்கத்தக்கது. கௌரவமான ஒரு கைம்பெண்ணுக்கும் மனம் என்று ஒன்று உண்டு என்பதை அக்காலத்தில் வேறு யார் அவ்வளவு வெளிப்படையாக எழுதினர்? பெரியோர் இந்நாவலை ஒளித்து வைத்ததன் காரணம் கொலையும் களவுமல்ல, இதுவே என்பது எம் துணிபு. மேற்கொண்டு கதையைக் கூறி, இனிப் படிக்கப் போகிறவர்களின் இன்பத்தைக் கெடுக்க மாட்டோம்.

மேனகா அவருடைய நாவல்களுள் மிக்க புகழ் பெற்றது. தஞ்சையில் டிப்டி கலெக்டராயிருக்கும் சாம்பசிவத்தின் மகள் மேனகா. அவள் கணவன் வராகசாமி ஒரு வக்கீல். கணவனை இழந்து தம்பியுடன் வாழும் பெருந்தேவி, கோமளம் என்னும் தமக்கைமார் இருவரும் சாமாவையர் என்பவருடன் சேர்ந்து அவளை ஒரு செல்வருக்கு விற்றுவிடுகின்றனர். அச்செல்வரின் மனைவி நூர்ஜஹான் அவளைக் காப்பாற்றுகிறாள். இந்து வீட்டுப் பெண்ணை உறவினர் விற்க, முஸ்லிம் வீட்டுப் பெண் தன் கணவனையே எதிர்த்து நின்று மீட்கிறாள் என்பது அக்கதையின் உயிர்நிலை. வேறு இடங்களில் ஐயங்காரின் எழுத்தில் குலத்தையும் மதத்தையும் பற்றி இன்று நாம் ஏற்க இயலாத சொற்கள் வருகின்றன. தாசிகளைப் பற்றி எழுதுமிடத்தில் ஈரம் குறைவு. இக்குறைகளை மறைத்து வைப்பது அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது. எனினும் நூர்ஜஹானைப் படைத்தவரும் அவரே.

மேனகாவின் வழியாகவே ஐயங்காரின் பெயர் நாம் வாழும் இந்நகரத்துடன் தொடர்பு கொண்டது. நாடக ஆசிரியர் எம். கந்தசாமி முதலியார் அந்நாவலை நாடகமாக்கினார். புராணக் கதைகளையே ஆடி வந்த மேடையில் அக்காலத்து மனிதர்கள் அக்காலத்து உடையில் தோன்றியது பெரும் புதுமை. டி. கே. எஸ். சகோதரர்கள் அந்நாடகத்தை ஊர் ஊராக நடத்திப் புகழ் பெற்றனர். பின்னர் அது பேசும் படமாயிற்று. 1935இல் வெளிவந்த அப்படம் பம்பாயில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் ராஜா சாண்டோ. புதுக்கோட்டைத் தமிழராகிய அவர் உடற்பயிற்சி வீரராகப் பம்பாய்க்கு வந்து, ஊமைப் படங்களில் கதாநாயகனாகி, 1927இல் சந்துலால் ஷாவின் குணசுந்தரி படத்தில் கோஹருடன் நடித்து வடநாட்டார் உள்ளத்தைக் கவர்ந்தவர். சென்னையில் 1934 வரையில் பேசும் படம் எடுக்கும் ஸ்டூடியோவே இல்லை. 1931இல் வந்த காளிதாஸ் முதலாகத் தமிழ்ப் படங்கள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிற வடநாட்டு நகரங்களிலும் உருவாயின. ஆகவே தஞ்சாவூர் டிப்டி கலெக்டர் வீடும், மாமியார் ஸ்தானத்து நாத்திமார்களின் கொடுமையும் நம் பம்பாயில் மரப்பலகையாலும் துணியாலும் சமைக்கப்பட்டன. சாமாவையராக நடித்தவர் என். எஸ். கிருஷ்ணன். அவருடைய சினிமா வாழ்வின் தொடக்கம் அது. தமிழில் முதன்முதலில் எழுந்த சமூகப் படங்களுள் ஒன்றாக மேனகா இன்றும் மதிக்கப்படுகிறது.

அந்நாளில் மாதுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் பெருகி வந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர் குடியேறியிருந்தனர். ஊரிலிருந்து திரும்புவோரின் டிரங்குப் பெட்டியில் அப்பளத்துக்கும் வடுமாங்காய் ஜாடிக்கும் நடுவே நாவல் ஒன்று இருக்கும் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு பிரதி ஒரு கட்டிடத்தின் எல்லா மாடிகளுக்கும் ஏறி இறங்கும். எழுத்தறியாத மாமிமார் பிற்பகலில் கூடியமர, எழுத்தறிந்த ஒரு சிறுமி உரக்கப் படிப்பாள். படிக்கக் கூடாத பகுதி வருங்கால் பெரியவர் ஒருவர் இருமுவார். சிறுமி இரண்டு பக்கங்களைத் தள்ளிப் படிப்பாள். பின்னர் தனியே சென்று அவ்விரண்டு பக்கங்களை மட்டும் படித்துக்கொள்வாள். இவ்வாறு தமிழ் கற்றவர் எத்தனை பேர்! பள்ளியில் மராத்தியும் குஜராத்தியும் ஆங்கிலமும் கற்பிக்கப்பட்ட ஊரில், பாடப் புத்தகம் செய்யாத வேலையை இந்நாவல்கள் செய்தன.

பெண்கள் படித்ததோடு நிற்கவில்லை, எழுதவும் முன்வந்தனர். ஐந்தரை வயதில் மணமாகி, பள்ளிக்கூடத்துக்கே செல்லாத வை. மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) கதை சொல்லும் ஆற்றல் ஒன்றையே துணையாகக் கொண்டு நாவலாசிரியையானார். 1925இல் அவர் ஜகன்மோகினி இதழை ஏற்று நடத்தத் தொடங்கிய காலத்தில் அவருக்கு ஊக்கமளித்தவர்களுள் நம் ஐயங்கார் முக்கியமானவர். அவ்வம்மையார் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி, விடுதலைப் போரில் சிறையும் சென்றார். அவர் வரலாறு தனியே எழுதத்தக்கது.

ஐயங்காரின் பிற்கால வாழ்வில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. நாவல்களால் பெயர் பெற்ற அவர் தொல்பொருள் ஆராய்ச்சியில் இறங்கினார். பழம் எகிப்து முதலிய நாடுகளின் நாகரிகத்துக்கும் நம் தென்னாட்டு வைணவத்துக்கும் தொடர்பு காட்ட முயன்று, நெடுங்காலம் காணாமற் போன கண்ணிகள் என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலை இயற்றினார். ஆரியர், இயேசு, அல்லா ஆகியோரைப் பற்றிய அதிசயக் கண்டுபிடிப்புகள் என்று அதற்கு உபதலைப்பும் தந்தார். ஒலியொற்றுமையைப் பிடித்துக்கொண்டு எழுப்பிய அக்கொள்கைகளை அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஏற்கத்தக்கனவும் அல்ல. கதைகளைப் புனைந்து பெற்ற நற்பெயரை ஆராய்ச்சியில் அவர் எய்தவில்லை. இதை நகையாடிவிட்டுச் செல்வது எளிது. நமக்கோ வேறொன்று தோன்றுகிறது. வாழ்நாள் முழுதும் காணாமற் போன வாரிசைக் கண்டுபிடித்துக் குடும்பத்தோடு சேர்த்து வைத்த ஒருவர், முதுமையில் மானிட சாதிக்கே அவ்வாறு செய்யப் புகுந்தார். பிரமிடுகளைக் கட்டினவரும் வடுவூர்க் கோயிலைக் கட்டினவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், நடுவில் பிரிந்து போயினர் என்று நிறுவ விரும்பினார். அவருடைய நாவலுக்குரிய கடைசி அதிகாரம் அது. சான்று மட்டும் இல்லாமற் போயிற்று.

இதற்கிடையில் காலம் மாறியது. 1930களில் மணிக்கொடி எழுத்தாளர்கள் தோன்றிச் சிறுகதையை உயர்ந்த கலையாக்கினர். ஆனந்த விகடனும் கல்கியின் எழுத்தும் எளிய நடையில் நகைச்சுவை ததும்ப வந்தன. திகம்பர சாமியாரின் வாசகர் அப்பக்கம் திரும்பினர். ரெயினால்ட்ஸ் பாணி என்பது ஏளனச் சொல்லாயிற்று. 1942ஆம் ஆண்டு வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலமானார். ஜப்பானியர் குண்டு வீசுவர் என்றஞ்சிச் சென்னை மக்கள் வெளியூர்களுக்கு ஓடிய ஆண்டு அது. நாடே கொந்தளித்த ஆகஸ்டுப் புரட்சியின் ஆண்டும் அதுவே.

ஆயினும் சாமியார் சாகவில்லை. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் கும்பகோணம் வக்கீலைத் திகம்பர சாமியார் என்னும் பெயரில் படமாக்கினர். எம். என். நம்பியார் சாமியாராக வந்து வேடத்துக்கு மேல் வேடம் புனைந்து அசத்தினார். பின்னாளில் வில்லனாகவே நாம் அறிந்த அவரை, கயவரைப் பிடிக்கும் நல்லவராகக் காண்பது தனி இன்பம். 1955இல் மேனகா மறுபடியும் படமாயிற்று. அதன் பின் அரை நூற்றாண்டுக் காலம் அநேகமாக மௌனம். இப்பொழுது மறுபதிப்புகள் சில கிடைக்கின்றன. மின்னூலாகவும் சில நாவல்களை எவரும் செலவின்றிப் படிக்க முடிகிறது.

சென்ற ஆண்டு அவ்வாறு ஒரு முழுமையான மதனகல்யாணி எம் கைக்கு எட்டியது. முடிவு தெரிந்தது. வினவப்பட்ட பெரியோர் மூவருள் இருவர் அதற்குள் இவ்வுலகை நீத்துவிட்டனர். எஞ்சியவர் செம்பூரில் பேரன் வீட்டிலிருக்கும் ஒரு மூதாட்டி. சிறுமியாயிருந்தபோது மாமிமார்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவர் அவரே. அவரிடம் சென்று, அவர் சொன்ன முடிவு சரியா தவறா என்று கூறத் தொடங்கினோம். அவர் கையமர்த்தி நிறுத்திவிட்டார். கண்பார்வை மங்கியிருந்தமையால், முதல் அதிகாரத்திலிருந்து படித்துக் காட்டுமாறு எம்மைப் பணித்தார். ஞாயிறுதோறும் இரண்டு அதிகாரங்கள் என்று ஏற்பாடாயிற்று. அடுத்த அறையில் கணினியுடன் அமர்ந்திருந்த அவருடைய கொள்ளுப்பேத்தி, தமிழெழுத்து படிக்க அறியாதவள், மூன்றாவது ஞாயிறன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசற்படியருகே வந்து அமர்ந்தாள். இம்மலர் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில் பாதி நூலைத் தாண்டியிருக்கிறோம்.